ஆலப்புழா ஹவுஸ்போட் டூர்: அட்வான்ஸ் அனுப்பும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் ஒரு ரீல்ஸ் போடுகிறார். தென்னை மரங்களுக்கு நடுவே மெதுவாக நகரும் படகு, முன் தளத்தில் சாய்வு நாற்காலி, கையில் இளநீர், பின்னணியில் இளையராஜா. "லாங் வீக்எண்டுக்கு இதுதான்டா பிளான்" என்று ஒருவர் ஆரம்பிக்க, பத்து நிமிடத்தில் ஆறு பேர் ஓகே சொல்கிறார்கள். அன்றிரவே யாரோ ஒரு ஏஜென்ட்டுக்கு ஜிபே-யில் அட்வான்ஸ் போய்விடுகிறது.

ஹவுஸ்போட் டூரில் ஏமாற்றங்கள் பெரும்பாலும் தொடங்குவது இந்த இடத்தில்தான். ஹோட்டல் ரூம் பிடிக்கவில்லை என்றால் வேறு ஹோட்டலுக்கு மாறலாம். காயலுக்கு நடுவே போன பிறகு படகை மாற்ற முடியாது. லைஃப் ஜாக்கெட் இல்லை என்பது அங்கே போய்த் தெரிந்தால், அது வெறும் ஏமாற்றத்தோடு முடியும் விஷயமும் இல்லை. எனவே கேட்க வேண்டியதை எல்லாம் அட்வான்ஸ் அனுப்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். என்ன கேட்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

21 மணி நேர டூரில் படகு ஓடுவது எவ்வளவு நேரம்?

'ஓவர்நைட் க்ரூஸ்' என்றதும், இரவு முழுக்க நிலா வெளிச்சத்தில் படகு போய்க்கொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது.

வழக்கமான பேக்கேஜில் பகல் 12 மணிவாக்கில் செக்-இன், மறுநாள் காலை 9 மணிக்கு செக்-அவுட். மொத்தம் 21 மணி நேரம். ஆனால் மாலை 5.30 மணி வாக்கில் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். அந்த நேரத்துக்குப் பிறகு மீனவர்கள் வலை விரிக்கத் தொடங்குவார்கள். பெரிய படகு குறுக்கே போனால் வலை அறுந்துவிடும். இருட்டில் படகு ஓட்டுவதும் பாதுகாப்பில்லை. எனவே இரவு முழுக்கப் படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகல் 12 முதல் மாலை 5.30 வரை ஐந்தரை மணி நேரம். இதில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போல நிறுத்துவார்கள். மறுநாள் காலை டிபனுக்கு முன்னும் பின்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓடும். எல்லாம் சேர்த்து சுமார் ஐந்து மணி நேரம். உதாரணத்துக்கு வாடகை 12,000 ரூபாய் என்றால், ஓடும் ஒரு மணி நேரத்துக்கு 2,400 ரூபாய் ஆகிறது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. மாலையில் கரையோரம் அமைதியாக உட்கார்ந்திருப்பதும் இந்த டூரின் ஒரு பகுதிதான். ஆனால் இது முன்பே தெரிந்திருந்தால் இரண்டு விஷயங்களில் உஷாராக இருக்கலாம். ஒன்று, லேட்டாகப் போகக் கூடாது. மதியம் 2 மணிக்குப் போய் ஏறினாலும் படகு 5.30-க்கு நின்றுவிடும். இழந்த இரண்டு மணி நேரத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். இரண்டு, இரவில் படகை எங்கே கட்டுவார்கள் என்று கேட்க வேண்டும். வயலோரம், தனியான இடமா, அல்லது இருபது படகுகள் வரிசையாக நிற்கும் துறையா? பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் சத்தத்திலும் பாட்டுச் சத்தத்திலும் தூங்குவது எல்லோருக்கும் ஒத்துவராது.

கெட்டுவள்ளம் எப்படி ஹவுஸ்போட் ஆனது?

ஹவுஸ்போட்டுக்கு மலையாளத்தில் 'கெட்டுவள்ளம்' என்று பெயர். கெட்டு என்றால் கட்டு, வள்ளம் என்றால் படகு. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிச் செய்யும் படகு என்பதால் இந்தப் பெயர். ரோடும் லாரியும் வருவதற்கு முன் குட்டநாட்டு நெல்லையும் வாசனைப் பொருட்களையும் கொச்சிக்குக் கொண்டு போனவை இவைதான். சாலைப் போக்குவரத்து வளர்ந்ததும் இவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. 1990-களின் தொடக்கத்தில் மூங்கில் பாயால் கூரை போட்டு, பெட்ரூம், பாத்ரூம், கிச்சன் கட்டி சுற்றுலாவுக்கு விட்டார்கள். சரக்குப் படகு இப்படித்தான் மிதக்கும் வீடாக மாறியது.

எந்த ரூட்டில் போகலாம்?

'ஆலப்புழா டூர்' என்று ஒரே பெயரில் விற்றாலும், தண்ணீர் ஒன்றல்ல. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் குட்டநாட்டின் வழியாக வந்து வேம்பநாட்டுக் காயலில் சேர்கின்றன. காயல் என்ற சொல் தமிழர்களுக்குப் புதிதல்ல, தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தின் பெயரிலேயே இருக்கிறது. இந்தியாவின் மிக நீளமான ஏரி வேம்பநாடு. 2002-ல் இது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

ரூட் மூன்று வகை. முதலாவது, புன்னமடா 'ஃபினிஷிங் பாயின்ட்' பகுதியில் ஏறி, அகன்ற காயலில் ஒரு சுற்று வருவது. நேரு டிராபி படகுப் போட்டி முடியும் இடம் என்பதால் அந்தப் பெயர். படகுகளும் கூட்டமும் அதிகமாக இருப்பது இங்கேதான். இரண்டாவது, பள்ளாத்துருத்தி, கைநகரி, நெடுமுடி பக்கம் ஆற்று வழியாகப் போவது. இருகரையிலும் வீடுகள், படித்துறை, வயல், சர்ச், கள்ளுக்கடை என்று பார்க்க நிறைய இருக்கும். மூன்றாவது, ஏரியின் மறுகரையான குமரகத்தில் இருந்து கிளம்புவது. இங்கே அகன்ற நீர்ப்பரப்புதான் பிரதானம்.

ரீல்ஸில் வரும் 'தென்னை மரம் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் குறுகிய வாய்க்கால்' காட்சி இந்த மூன்றிலும் பெரும்பாலும் கிடைக்காது. 60, 70 அடி நீளப் படகு அந்த வாய்க்காலுக்குள் நுழையவே முடியாது. அந்த வீடியோக்கள் ஷிக்காரா எனப்படும் சிறு படகிலோ துடுப்பு வள்ளத்திலோ எடுத்தவை. அந்த அனுபவமும் வேண்டும் என்றால் ஒரு மணி நேரச் சிறுபடகுப் பயணம் பேக்கேஜில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே உள்ள நிலத்தில் நெல் விளைகிறது. காயலில் வரப்பு கட்டி, தண்ணீரை வெளியே இறைத்து, அந்த நிலத்தில் விவசாயம் செய்கிறார்கள். படகில் போகும்போது வயல் உங்கள் கண்ணுக்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் தாழ்வாக இருப்பதைப் பார்க்கலாம். ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2013-ல் இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த பாரம்பரிய வேளாண் முறையாக அங்கீகரித்தது.

பச்சை வயல் பார்க்க டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான நேரம். கிறிஸ்துமஸ், நியூ இயர் வாரத்தில் மட்டும் வாடகை சாதாரண நாளைவிட இரண்டு மடங்கு வரை போகும். அதே படகு ஜனவரி நடுவில், வார நாளில் எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். ஒரு நாள் லீவ் எடுத்தாலும் லாபம்தான்.

இந்த சீசனில் ஒரு சிக்கலும் உண்டு. பயிருக்குள் உப்பு நீர் வராமல் இருக்க, தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களைக் கோடை வரை மூடி வைப்பார்கள். உப்பு நீர் வராததால் ஆகாயத்தாமரை மண்டும். சில வாய்க்கால்களில் படகு போக முடியாமல் ரூட் மாறலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம். வாடகை குறைவு, கூட்டம் குறைவு. மழையில் நனையும் காயல் தனி அழகு. ஆனால் கனமழை எச்சரிக்கை வந்தால் மாவட்ட நிர்வாகம் படகுகளை நிறுத்தச் சொல்லும். அப்போது பணம் முழுக்கத் திரும்ப வருமா, வேறு தேதி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நேரு டிராபி போட்டி பல ஆண்டுகளாக ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை நடந்துவந்தது. 2024-ல் வயநாடு நிலச்சரிவு காரணமாக செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. போட்டி பார்க்கத் திட்டமிடுபவர்கள் தேதியை உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுவது நல்லது.

வாடகையில் என்னென்ன அடங்கும்?

பெரும்பாலான பேக்கேஜில் மதியச் சாப்பாடு, மாலை டீயுடன் பழம்பொரி, இரவுச் சாப்பாடு, காலை டிபன் ஆகியவை அடங்கும். படகில் ஓட்டுநர், உதவியாளர், சமையல்காரர் இருப்பார்கள். சண்டை வருவது மற்ற விஷயங்களில்தான்.

- ஏசி: விலை குறைந்த படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரை, பெட்ரூமில் மட்டும்தான் ஏசி ஓடும். 'ஏசி படகு' என்று விளம்பரத்தில் இருப்பதற்கு இதுதான் அர்த்தம். பகலிலும் வேண்டும் என்றால் 'ஃபுல் டைம் ஏசி' என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.
- மீன்: வழியில் ஒரு மீன் கடையில் நிறுத்துவார்கள். கரிமீன், பெரிய இறால் எல்லாம் பிரமாதமாக இருக்கும், விலையும்தான். மெனுவில் உள்ள மீன் எது, தனியாகக் காசு கொடுத்து வாங்குவது எது என்பதை முன்பே பிரித்துக் கேளுங்கள். வாங்குவது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை.
- தனிப் படகா, ஷேரிங்கா: 'இரண்டு பேருக்கு இவ்வளவு' என்ற ரேட், மூன்று பெட்ரூம் படகில் ஒரு ரூமுக்கான ரேட்டாகவும் இருக்கலாம். மற்ற ரூம்களில் வேறு குடும்பம் வரும்.
- போட்டோ: புக் செய்யும்போது காட்டிய படகும் கரையில் நிற்கும் படகும் வேறு வேறாக இருப்பது அடிக்கடி வரும் புகார். படகின் பெயர், பதிவு எண் இரண்டையும் கன்ஃபர்மேஷன் மெசேஜில் போடச் சொல்லுங்கள்.
- வரி, டிப்ஸ்: சொன்ன தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். டிப்ஸ் உங்கள் விருப்பம்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சூழ்ந்துகொள்ளும் ஏஜென்ட்டுகளிடம் படகைப் பார்க்காமல் பணம் தர வேண்டாம். சீசன் இல்லாத நாட்களில் நேரில் போய், இரண்டு மூன்று படகுகளில் ஏறிப் பார்த்துப் பேரம் பேசுவதுதான் நல்ல வழி. சீசனில் அப்படிப் போனால் நல்ல படகுகள் எல்லாம் போயிருக்கும்.

பாதுகாப்பு: எதைப் பார்க்க வேண்டும்?

பலரும் கேட்கத் தயங்கும் பகுதி இது. 'சந்தோஷமா போற இடத்துல எதுக்கு இதெல்லாம்' என்று தோன்றும். ஆனால் கேரளத்தின் படகு விபத்துகளைத் திரும்பிப் பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

2002 ஜூலை 27 அன்று முகம்மாவில் இருந்து குமரகம் போன பயணிகள் படகு இதே வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு மாலை இருட்டிய நேரத்தில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள்.

இவற்றில் எதுவும் ஹவுஸ்போட் இல்லை. ஹவுஸ்போட் அகலமானது, மெதுவாகப் போவது. ஆனாலும் அளவுக்கு மீறிய ஆட்கள், ஒரே பக்கம் கூடும் கூட்டம், கைக்கு எட்டாத லைஃப் ஜாக்கெட் போன்ற ஆபத்துகள் எந்தப் படகுக்கும் பொது. ஹவுஸ்போட்டுக்கு என்று தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. மரம், மூங்கில், கயிறு, கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. தீப்பிடித்தால் பரவ அதிக நேரம் ஆகாது.

1917-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தின்படி, இத்தகைய படகுகளுக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, இன்ஷூரன்ஸ் மூன்றும் தேவை. கேரளத்தில் இதைக் கவனிப்பது கேரள கடல்சார் வாரியம். பயணிக்கு சட்டப் பிரிவு எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஐந்து விஷயங்களைப் பார்த்தால் போதும்.

1. படகின் மேல் பதிவு எண் எழுதியிருக்கிறதா? மெசேஜில் வந்த எண்ணும் அதுவும் ஒன்றா?
2. தகுதி ஆய்வுச் சான்று எந்தத் தேதி வரை செல்லும்? அதில் அனுமதித்த ஆட்கள் எண்ணிக்கை எவ்வளவு? குழந்தைகளையும் சேர்த்தே எண்ணுங்கள்.
3. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? குழந்தை சைஸ் உண்டா? கட்டிலுக்கு அடியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால் அவசரத்தில் உதவாது. ஏறியதும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.
4. தீயணைப்பான் எங்கே இருக்கிறது? அதன் காலாவதித் தேதி என்ன?
5. ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா?

இதைக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம். ஒழுங்காகத் தொழில் செய்பவர் பேப்பரைக் காட்டத் தயங்க மாட்டார். "அதெல்லாம் இருக்கு, நீங்க ஏறுங்க" என்று மழுப்பினால், அந்தப் பதிலே போதும்.

பயணிகள் தரப்பிலும் சில விஷயங்கள் உண்டு. மேல் தளம் உள்ள படகில் எல்லோரும் ஒரே பக்கம் நின்று குரூப் போட்டோ எடுக்கக் கூடாது. ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தாண்டும்போது கையில் போன் வேண்டாம். இரவில் பாதி உறக்கத்தில் முன் தளத்துக்குப் போக வேண்டாம், பல படகுகளில் அங்கே தடுப்பு இருக்காது. குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கவே கூடாது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். கீழே சேறும் செடியும் எவ்வளவு என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

நமக்கு டூர், அவர்களுக்கு வீடு

படகு போகும் வழியில் படித்துறையில் பாத்திரம் கழுவும் பெண், ஸ்கூல் யூனிபார்மில் படகுக்குக் காத்திருக்கும் பிள்ளை, வலையை உதறும் மீனவர் எல்லோரும் கண்ணில் படுவார்கள். அவர்கள் யாரும் காட்சிப் பொருள் இல்லை. அது அவர்கள் வீட்டு வாசல். நாலா பக்கமும் தண்ணீர் இருந்தும் குடிநீருக்குக் கஷ்டப்படும் ஊர் குட்டநாடு. படகுகளின் கழிவும் டீசலும் கலக்கும் தண்ணீரில்தான் அவர்கள் குளிப்பதும் துவைப்பதும்.

எனவே டாய்லெட் கழிவு டேங்கில் சேர்கிறதா, காயலில் விடப்படுகிறதா என்ற கேள்வியையும் லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் விதிகளைப் பின்பற்றும் படகுகளுக்குக் கேரள சுற்றுலாத் துறை 'கிரீன் பாம்' சான்று தருகிறது. பயணிகள் கேட்கக் கேட்கத்தான் உரிமையாளர்கள் அதற்குச் செலவு செய்வார்கள். சிப்ஸ் பாக்கெட்டையும் பாட்டிலையும் கரைக்குத் திரும்பும் வரை பையிலேயே வைத்திருங்கள். துணி துவைக்கும் பெண்களை ஜூம் செய்து எடுக்காதீர்கள்.

ஹவுஸ்போட்தான் வேண்டுமா?

பட்ஜெட் இடித்தால் வேறு வழிகள் உண்டு. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஆலப்புழா, கோட்டயம் இடையே பயணிகள் படகு விடுகிறது. சுமார் இரண்டரை மணி நேரப் பயணம், டிக்கெட் சில பத்து ரூபாய்தான். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து அதே ஆறு, அதே வயல், அதே காயலைப் பார்க்கலாம். கிளம்பும் நேரத்தை மட்டும் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஏறி மாலையில் இறங்கும் 'டே க்ரூஸ்' எடுத்து, இரவு கரையில் ஹோம்ஸ்டேயில் தங்கலாம். படகு ஓடும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, செலவு குறையும். சிறு வாய்க்கால்கள்தான் ஆசை என்றால் ஷிக்காராவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். வயதான அப்பா, அம்மாவோடு போகிறீர்கள், இறங்கி ஏற முடியாது, ஒரே இடத்தில் நிம்மதியாக உட்கார வேண்டும் என்றால் ஹவுஸ்போட்டுக்கு இணை இல்லை.

காப்பி செய்து அனுப்ப ஒரு மெசேஜ்

மேலே சொன்ன எல்லாவற்றையும் போனில் கேட்டால் பாதி மறந்துபோகும், பதிலுக்கு ஆதாரமும் இருக்காது. இதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்:

"படகின் பெயர், பதிவு எண், சமீபத்திய போட்டோ அனுப்பவும். அனுமதித்த ஆட்கள் எத்தனை? தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை? ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் உண்டா, குழந்தை சைஸ் உண்டா? எங்கே ஏற வேண்டும், எந்த ரூட், இரவு எங்கே நிறுத்துவீர்கள்? ஏசி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? தனிப் படகா, ஷேரிங்கா? சாப்பாட்டு மெனு என்ன? ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு? மழையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா?"

எல்லாவற்றுக்கும் தெளிவான பதில் வந்தால் அட்வான்ஸ் அனுப்பலாம். பாதிக்கு மட்டும் பதில் வந்து, கூடவே "இன்னைக்கே புக் பண்ணா டிஸ்கவுன்ட்" என்று வந்தால், அடுத்த நம்பரைப் பாருங்கள். வேம்பநாட்டில் படகுகளுக்குப் பஞ்சமில்லை.